மனுதாரர் 1187

அழகுராணிக்கு வேண்டியது ஒரு சான்றிட்ட நகல்.

"எதுக்கு?" என்று அடைக்கலம் கேட்டார். கேட்க வேண்டியதில்லை. நகரமைப்பு அலுவலகத்தில் அந்த வாரம் அவர் வாங்கிய முப்பத்து நான்காவது விண்ணப்பம் அது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்.

"மாப்பிள்ளை வீட்ல கேக்குறாகண்ணே."

"ஜாதகம் பாத்தாச்சா?"

"அது பொருந்தியிருச்சு. மனு இருந்தாத்தான் மேக்கொண்டு பேசுவோம்னுட்டாக."

"இருக்கா?"

"ஆயிரத்து நூத்தி எம்பத்தேழு. நோட்டீஸ் போர்டுல பாத்துட்டுத்தான் வர்றேன். கதவு எண் நம்ம மெஸ்ஸோடது."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு வந்து போனது. முப்பத்தொரு வயது. வடமேட்டு ஓரத்தில் தனியாக மெஸ் நடத்துகிறாள்.

"அப்பக் கல்யாணச் சாப்பாடு உறுதி."

"என் கல்யாணத்துக்கு நானே சமைச்சு நானே பரிமாறணும். போய்க் கையெழுத்து வாங்கிட்டு வாங்கண்ணே."

அடைக்கலம் காகிதக் கட்டிலிருந்து மனுவை உருவி நகல் எடுத்தார். உள்ளே போய் அலுவலர் உமையாளின் மேசையில் வைத்தார்.

நாவலேந்தலுக்கு அடுத்த அறுபது ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டுத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. எந்த நிலம் வீட்டுக்கு, எது வயலுக்கு, எது தொழிலுக்கு என்று நிறம் அடித்து வரைவை வெளியிட வேண்டும். ஆட்சேபணைகளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தந்து, பிறகு இறுதி செய்ய வேண்டும். அது பழைய சட்டம். புதிதாக ஒரு விதி சேர்ந்திருந்தது. அறுபது ஆண்டுக்குப் பின் இந்த ஊரில் வாழப்போகிறவர்களின் ஆட்சேபணையையும் கேட்க வேண்டும்.

அவர்களுக்காகத் தலைமையகத்தில் ஒரு கணினி எழுதியது. பிறப்பு, திருமணம், மழை, நிலத்தடி நீர், வேலை, பஸ் வழித்தடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வரைவுத் திட்டத்தை அறுபது ஆண்டு ஓட்டிப் பார்க்கும். முடிவில் கிடைக்கும் ஊரில் யாருக்கெல்லாம் குறை இருக்கிறதோ அவர்கள் சார்பில் மனு வரும். பெயர் இருக்காது. பெயர் வைப்பது பெற்றோரின் உரிமை என்று சட்டத்துறை சொல்லிவிட்டது. முகவரி இருக்கும். முகவரி இல்லாவிட்டால் அது மொட்டைக் கடிதம். மொட்டைக் கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது மிகப் பழைய ஆணை. அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

நாவலேந்தலுக்கு நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு மனுக்கள் வந்தன. பெரும்பாலும் சாதாரணக் குறைகள். பஸ் நிலையத்தில் நிழல் இல்லை. தெரு குறுகல். "சந்தையை ஏன் பள்ளத்தில் கட்டினீர்கள், கட்டியவர் யார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"அறுபது வருஷம் கழிச்சும் நம்ம ஊருல மனுதான் எழுதிக்கிட்டிருப்பாங்கன்னு மெஷினுக்கே தெரிஞ்சிருச்சு மேடம்" என்று அடைக்கலம் சொன்னார்.

ஊர் மனுக்களைப் படிக்கவில்லை. கதவு எண்களைப் படித்தது. மனு உள்ள வீட்டில் வம்சம் உண்டு. மனு இல்லாத வீட்டில் இல்லை. பட்டியல் ஒட்டிய இரண்டாம் வாரமே கல்யாணத் தரகர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். கொல்லர் தெருவில் பதினொரு வீடுகளுக்கு மனு இல்லை. அதில் ஒருவர் மாடி எடுக்க இறக்கிய செங்கலைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

குறை இல்லாதவர் மனுப் போட மாட்டார், மனு இல்லையென்றால் ஆள் இல்லை என்று பொருளல்ல என்று உமையாள் ஒரு விளக்கம் எழுதி ஒட்டினாள். பயனில்லை.

"குறையில்லாத மனுஷன் நம்ம ஊருல எங்க மேடம் இருக்கான்?" என்றார் அடைக்கலம்.

உமையாள் நகரமைப்பு அலுவலர். இருபது ஆண்டு சர்வீஸ். கையெழுத்திடும் முன் படித்துப் பார்ப்பது அவள் வழக்கம். 1187ஐயும் படித்தாள்.

"ஐயா/அம்மா, நான் மேற்கண்ட முகவரியில் குடியிருக்கிறேன். வயது 34. மெஸ் நடத்துகிறேன். வடமேட்டைத் தொழிற்பகுதியாக மாற்றும் தங்கள் திட்டத்தை ஆட்சேபிக்கிறேன். நீங்கள் தோண்டி முடித்து இருபது ஆண்டாகிறது. பள்ளத்தில் தேங்கும் தண்ணீர்தான் கண்மாய்க்கு இறங்கி எங்களுக்கு வருகிறது. குடத்தில் பிடித்து வைத்தால் மேலே சாம்பல் நிறத்தில் மினுக்குகிறது. துணியில் வடிகட்டினாலும் போவதில்லை. அரிசி களைந்தால் கை கருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்க வேண்டாம், விரலை நனைத்து எழுதலாம் என்று மற்ற தெருக்காரர்கள் கேலி பேசுவார்கள். என் மகள் அப்படித்தான் எழுதப் பழகினாள். இப்போது அவளுக்கு ஏழு வயது. சிறுநீரகம் வேலை செய்யவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப் போய் ரத்தம் சுத்தம் செய்து வருகிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்போம். எனக்கு இந்த ஊர் பிடிக்கும். வடமேட்டை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்பதால் கேட்கிறேன்."

உமையாள் பேனாவை மூடினாள். அழகுராணியை உள்ளே கூப்பிட்டாள்.

"இதப் படிச்சியா?"

"நம்பர் பாத்தேன் மேடம். வாசகம் எதுக்கு? இருக்கா இல்லையான்னுதான கேக்குறாக."

"நாளன்னைக்கு வா."

"இன்னைக்கே ஆகாதா?"

"நாளன்னைக்கு."

அவள் போனபின் உமையாள் வரைபடத்தைத் திரையில் விரித்தாள். வடமேடு, நாற்பத்தொரு ஏக்கர். ஊரின் வடக்கே, கண்மாய்க்கு மேல். மழை அதன் வழியாக இறங்கித்தான் கண்மாய் நிறையும். ஊர் குடிப்பது கண்மாய்த் தண்ணீர். மேட்டுக்கு அடியில் கிராபைட் இருந்தது. பென்சிலுக்குள் இருக்கும் அதே கரி. இப்போது பேட்டரிக்குத் தேவைப்படுகிறது. சுரங்கம் வந்தால் அறுநூறு பேருக்கு வேலை. வரைவில் அந்த நாற்பத்தொரு ஏக்கருக்கும் ஊதா அடித்தது அவள்தான்.

ஊதாவை அழித்துப் பச்சை வைத்தாள். நீர்ப்பிடிப்புப் பகுதி. திட்டத்தை மறுபடி ஓட்டச் சொல்லி அனுப்பினாள்.

மதியம் புதிய பட்டியல் வந்தது. 1187 இல்லை.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. குறை தீர்ந்தது, மனு இல்லை. பிறகு குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. தலைமையகத்தில் அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் நௌஃபலை அழைத்தாள்.

"பழைய பட்டியல்ல 1187. அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. ஒரு பொண் குழந்தை இருந்துச்சு."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"குடியிருப்போர் பட்டியல்ல அவங்க இல்ல மேடம்."

"இறந்துட்டாங்களா?"

"இறப்புப் பதிவும் இல்ல. பிறப்புப் பதிவே இல்ல."

"ஒரு நிறத்த மாத்துனேன். அவ்வளவுதான்."

"ஒரு ஆள் பிறக்கணும்னா எவ்வளவோ ஒத்து வரணும் மேடம். பரம்பரை விவரம் நான் சொல்லக் கூடாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். அவங்க தாத்தா உங்க ஊர்க்காரர் இல்ல. வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்தவர். சுரங்கம் வந்தா அங்கயே தங்குறார். வரலைன்னா வண்டி கிளம்பிடுது."

உமையாள் திரையில் இருந்த பச்சையைப் பார்த்தாள்.

"மேடம்? இது எல்லா ஊர்லயும் நடக்குது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. மனு குறைஞ்சா சந்தோஷமா முடிச்சிடுவாங்க."

அடுத்த நாள் முழுவதும் அவள் வரைபடத்தோடு இருந்தாள். இருபது ஏக்கர் ஊதா, இருபத்தொன்று பச்சை. பத்து ஆண்டு கழித்து ஊதா. சுரங்கம் உண்டு, தாது கழுவும் ஆலை மட்டும் வேறிடம். முப்பது ஏக்கருக்குக் குறைந்தால் கம்பெனி வரவில்லை. கம்பெனி வராத ஊரில் 1187 இல்லை. கம்பெனி வந்த ஊரில் அவள் இருந்தாள், அதே குடத்தோடு. ஓர் ஓட்டத்தில் அவளுக்கு மகள் இல்லை. இன்னொன்றில் இரண்டு மகள்கள், இருவருக்கும் மதுரை. பதினேழு முறை உமையாள் ஓட்டினாள். அவளும் இருந்து, நல்ல தண்ணீரும் இருக்கும் நாவலேந்தல் ஒன்றுகூட வரவில்லை.

அறிக்கை அனுப்ப ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் அழகுராணி வருவதற்குள் உமையாளே வடமேட்டுக்குப் போனாள். மெஸ் வாசலில் நீளமான ரிக் லாரி நின்றது. திருச்செங்கோட்டு வண்டி. உள்ளே மூன்று மேசை. சாம்பார் வாசனை. ஓரத்தில் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உமையாளைக் கண்டதும் பாதி எழுந்தான்.

"உக்காருங்க. சாப்பிடுங்க."

"இவர்தான் மேடம்" என்றாள் அழகுராணி.

அவன் பெயர் நாச்சிமுத்து. வடமேட்டில் துளை போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் குழுவில் ஆபரேட்டர். நான்கு மாதமாக மூன்று வேளையும் இங்கேதான்.

"மொத நாளு ரசத்துல உப்பு இல்லீன்னு சொன்னனுங்க. அன்னைக்குப் புடிச்ச சண்டைங்க மேடம்."

"சண்டையா? ரெண்டாந்தரம் ரசம் வாங்கி ஊத்திக்கிட்டது யாரு?"

அவன் சட்டைப் பையிலிருந்து விரல் தடிமனில் ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தான். "இதாங்க உள்ள இருக்கறது. நூத்திப்பத்து அடியில எடுத்தமுங்க." உமையாள் தொட்டுப் பார்த்தாள். வழுவழுப்பாக இருந்தது. விரல் பளபளவென்று கறுத்தது.

"சுரங்கம் வந்தா நீங்க இங்கயே தங்குவீங்களா?"

"கம்பெனியில வேலை தர்றமுன்னு சொல்லியிருக்கறாங்க. வல்லீன்னா அடுத்த ஊருங்க."

"எந்த ஊரு?"

"அது வண்டிக்குத்தானுங்க தெரியும்."

"சட்டிபானையத் தூக்கிக்கிட்டு அந்த வண்டிக்குப் பின்னாடி என்னைய ஓடி வரச் சொல்றார் மேடம்" என்று அழகுராணி குறுக்கிட்டாள். "ஆறு வருஷமாப் பழக்கின கடை. நான் வர மாட்டேன்னு சொல்லிட்டேன். அவரு இங்க இருக்கறதுன்னா கல்யாணம். சுரங்கம் வேணும்னு நானும் ஒரு மனு போட்டிருக்கேன். இந்தக் காலத்து லிஸ்ட்ல அறுபத்தொண்ணு."

நாச்சிமுத்து இலையை மடித்தான். "எங்கம்மா அந்த நகலு கைக்கு வந்தாத்தான் வருவாங்களாம். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனான். பிறகு லாரி கிளம்பிய சத்தம் கேட்டது.

உமையாள் மனுவை மேசையில் வைத்தாள்.

"படி."

அழகுராணி கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். மெதுவாகப் படித்தாள். ஓர் இடத்தில் திரும்ப மேலே போனாள்.

"இவளும் மெஸ்தான் நடத்துறா."

"ஆமா."

"அரிசி களையறத எழுதியிருக்கா பாருங்க. கடைக்காரியத் தவிர யாரும் அத எழுத மாட்டா." தாளை மேசையில் வைத்தாள். "இதத்தான் நான் பவுடர் பூசிக்கிட்டுப் போயி மாப்பிள்ளை வீட்ல குடுக்க இருந்தேன்."

உமையாள் மற்றதையும் சொன்னாள். நிறத்தை மாற்றியது, 1187 காணாமல் போனது, வெளியூர்த் தாத்தா, பதினேழு ஓட்டம். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அழகுராணி போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"அவ கேட்டதக் குடுத்தா அவ இல்ல. குடுக்காட்டி இருக்கா. அந்தத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு."

"ஆமா."

"இத ஏன் எங்கிட்டச் சொல்றீக? நீங்க பாட்டுக்கு ஒரு நிறத்த அடிச்சு அனுப்பியிருக்கலாம்ல? நானும் கல்யாணம் நின்னு போச்சுன்னு நாலு நாள் அழுதுட்டுக் கடையத் தொறந்திருப்பேன்."

"இதப் படிச்சவ நான் ஒருத்திதான். இன்னொருத்தர் படிக்கணும்னு தோணுச்சு."

"படிச்சாச்சு." அழகுராணி குரல் உயர்ந்தது. "இப்ப நான் என்ன செய்யணும்? எம் பேத்தி வேணும்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா?"

உமையாள் நகலை எடுக்காமல் எழுந்தாள்.

"அது இங்கயே இருக்கட்டும்" என்றாள் அழகுராணி. "சாப்பிட்டுப் போங்க. இலை போட்டாச்சு."

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நகராட்சிக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். மின்விசிறிகள் சுற்றின. டீ வந்தது. சுவரில் வரைபடம் தொங்கியது. வடமேடு இன்னும் ஊதாவில் இருந்தது. திரையில் தலைமையகத்திலிருந்து நௌஃபல் தெரிந்தான்.

மண் அள்ளும் வண்டிகள் வைத்திருக்கும் பாலகுரு முதலில் எழுந்தார்.

"அறுபது வருஷம் கழிச்சு வர்றவனப் பத்தி அப்பறம் பேசுவோம். என் ஊட்டுப் பயலுக இன்னைக்குத் திருப்பூர்ல கெடக்காங்க. அவங்களக் கூப்பிட்டு வேலை குடுங்க. பொறக்காதவனுக்குப் பசிக்குமா?"

கைதட்டினார்கள். ஜெனோவா டீச்சர் எழுந்தார்.

"பொறந்தவங்களுக்குத் தாகம் எடுக்குமில்ல பாலகுரு? கண்மாயில கரி இறங்குனா உங்க லாரியக் கழுவக்கூடத் தண்ணி கிடைக்காது."

அதற்கும் கைதட்டினார்கள். கைதட்டியதில் பாதிப் பேர் அதே ஆட்கள்தான்.

கொல்லர் தெருவிலிருந்து ஒருவர் மைக்கைப் பிடித்தார். செங்கலைத் திருப்பி அனுப்பியவர். "எங்க தெருவுக்கு மனுவே இல்ல. அப்ப அந்த ஊதாவ எங்க தெருவுலயே அடிச்சு விட்டுருங்க. ஏன்னு கேக்க ஆளா இருக்கு?" கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"வரிசை எண் அறுபத்தொன்று" என்று அடைக்கலம் வாசித்தார்.

அழகுராணி எழுந்து மைக்கை வாங்கினாள். வரைபடத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"தம்பி, ஒங்க மெஷினு எது வரைக்கும் பாக்கும்?"

"அறுபது வருஷம் வரைக்கும் பாக்கும்க்கா."

"வருஷத்தக் கேக்கல. தூரத்தக் கேக்குறேன்."

நௌஃபல் தன் பக்கத்து வரைபடத்தைப் பார்த்தான். "திட்ட எல்லை வரைக்கும். தெற்குல ரயில்வே கேட். வடக்குல தைலமரக் காடு."

"தைலமரக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளை பொறந்தா?"

"எங்க கணக்குல வராது. இங்க குடியிருக்கறவங்க மட்டும்தான் மனுதாரர். உள்ள வர்றவங்கள எடுத்துக்குவோம். வெளிய போறவங்க எல்லையத் தாண்டினதும் விட்டுடுவோம்."

"ஊரவிட்டுப் போனவளுக்கு அங்கன ஒரு புள்ளை, அதுக்கு ஒரு புள்ளை. அது ஒங்க லிஸ்ட்ல இல்லைன்னா என்ன அர்த்தம்? பொறக்கலைன்னா? தெரியலைன்னா?"

கூடத்தில் யாருக்கும் என்ன பேச்சு என்று புரியவில்லை. பாலகுரு கடிகாரத்தைப் பார்த்தார். திரையில் நௌஃபல் உமையாளைப் பார்த்தான்.

"தெரியலைன்னு அர்த்தம்" என்றான். "ஆனா அதே ஆள்தான் பிறப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. அத யாராலயும் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுல்ல. அது போதும்."

உமையாள் தன் முன்னால் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். ஊரைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. இரண்டு ஆண்டுக்கு முன் அளந்து, கூட்டம் போட்டு, அவளே இழுத்த கோடு. பதினேழு ஓட்டத்திலும் அவள் அதற்குள்ளேதான் தேடினாள். பக்கத்து ஊர் வேறொரு அலுவலகத்தின் பொறுப்பு. இருபது ஆண்டு சர்வீஸில் கோட்டுக்கு வெளியே இருப்பதைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"எம் மனு அறுபத்தொண்ணத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றாள் அழகுராணி. "ஆயிரத்து நூத்தி எம்பத்தேழ எல்லாரும் ஒருதரம் படிச்சுப் பாருங்க. நம்பர இல்ல. வாசகத்த."

மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏத்தா, அப்ப மெஸ்ஸு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மூணு கல்ல வச்சா எங்கயும் அடுப்புதான்."

"நாளைக்குச் சாப்பாடு உண்டுல்ல?"

"நாளைக்கு உண்டு" என்றாள்.

மாதக் கடைசியில் உமையாள் அறிக்கையை அனுப்பினாள். வடமேடு நாற்பத்தொரு ஏக்கரும் பச்சை. நகர்மன்றம் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஏற்றது. புதிய பட்டியலில் வேலை இல்லை என்று தொள்ளாயிரம் மனுக்கள் வந்திருந்தன. "கிராபைட்டை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்த ஊர் இது ஒன்றுதான்" என்று ஒருவர் எழுதியிருந்தார், வயது 29. உமையாள் எல்லாவற்றையும் படித்தாள். சிலவற்றுக்குப் பதில் எழுத ஒரு முழு நாள் ஆனது. 29 வயதுக்காரருக்கு இன்னும் எழுதவில்லை.

பட்டியலின் மேல் அவள் ஒரு வரி சேர்த்தாள். "இது திட்ட எல்லைக்குள் குடியிருப்போரின் பட்டியல். எல்லைக்கு வெளியே வாழப்போகிறவர்களைப் பற்றி இந்த அலுவலகத்துக்குத் தெரியாது." கொல்லர் தெருக்காரர் அதை மூன்று முறை படித்தார். பிறகு வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். அது வெளியூர் மகனுக்கா செங்கல் சூளைக்கா என்று அடைக்கலத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆணைகளைச் சார்வு செய்யும் வேலை மிஞ்சியது. எந்த மனுவின் மேல் ஆணை பிறக்கிறதோ, அந்த மனுதாரரிடம் அதை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எதிர்கால மனுதாரருக்கும் அந்த விதி உண்டா என்று அடைக்கலம் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார். விலக்கு ஏதும் இல்லை என்று பதில் வந்தது. எனவே அவர் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். பெரும்பாலான கதவுகளில் ஒட்டிவிட்டு வந்தார்.

வடமேட்டுக்குப் போனபோது காலை ஒன்பது மணி. ரிக் லாரியின் பக்கவாட்டில் அண்டா கட்டியிருந்தது. நாச்சிமுத்து மேலே நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா இன்னும் பேசவில்லை. கல்யாணத்தைப் பதியக் குழுவிலிருந்து நான்கு பேர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆறு வருஷ வாடிக்கையாளர் சிலர் வாசலில் சும்மா நின்றார்கள். மேசைகளை யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊருத்தா?" என்று அடைக்கலம் கேட்டார்.

"மொதல்ல கரூர்ப் பக்கம்ணே. அங்கன மூணு மாசம். அப்பறம் தெரியாது." அழகுராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண் சிவந்திருந்தது. "என்னண்ணே, இப்பவும் தாளோட வந்துட்டீக?"

"1187 மனு மேல ஆணை. இந்த முகவரிக்கு."

அவர் நீட்டினார். அவள் அங்கேயே பிரித்துப் படித்தாள். இரண்டே வரி. "தங்கள் ஆட்சேபணை ஏற்கப்பட்டது. வடமேடு நீர்ப்பிடிப்புப் பகுதியாகவே தொடரும்." கீழே உமையாளின் கையெழுத்து.

"மனுதாரர் இல்லைன்னா கதவுல ஒட்டிட்டு ரெண்டு சாட்சி வாங்கிக்கலாம்" என்றார் அடைக்கலம். "ஒட்டட்டா?"

"பூட்டப் போற கதவுல ஒட்டி என்னண்ணே?" தாளை நாலாக மடித்தாள். "வேற வழி இல்லையா?"

"குடும்பத்துல வயசு வந்தவங்க யாரும் வாங்கிக்கலாம். அதுக்கும் விதி இருக்கு."

"அப்பக் குடுங்க."

அடைக்கலம் பேரேட்டை லாரிப் படியில் விரித்தார். அவள் குனிந்து தேதியை எழுதினாள். பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. பெற்றுக்கொள்பவர் மனுதாரருக்கு என்ன உறவு?

மேலிருந்து நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். "நேரமாச்சுங்க."

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தக் கட்டத்தில், பாட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.